பச்சை காயும் வரை

எனக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் 'ஒரு பாட்டு வாசிங்களேன்' என்று யாராவது உயிரை வாங்குவார்கள். நான் கிட்டார் செய்கிறவன். அதுவும் பிழைப்புக்காக இல்லை. பிழைப்புக்கு ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறேன். விடுமுறை நாளில், யாரோ வேண்டாமென்று தள்ளிவிட்ட எலக்ட்ரிக் கிட்டாரைப் பிடித்து வந்து, பழைய பெயிண்டை உரித்து, மரத்தைத் தேய்த்து, கம்பியின் அதிர்வை வாங்கிக்கொள்கிற காந்தச் சுருள்களை மாற்றி, புது நிறம் அடித்து, சுவரில் மாட்டி அழகு பார்ப்பேன். அழகு பார்த்து முடிந்ததும் அடுத்ததைத் தேடுவேன். அலங்காரம் எல்லாம் பண்ணிவிட்டுக் கல்யாணத்துக்கு நிற்காமல் ஓடிப்போகிற ஆள் என்று என் மனைவி கேலி செய்வாள்.

இந்தப் பைத்தியத்தால்தான் முன்பு இருந்த வாடகை வீடு போனது. பெயிண்டில் கலக்கும் தின்னர் வாடை கீழ்வீட்டுக்காரருக்குத் தலைவலி கொடுத்தது. அவர் போய் வீட்டு உரிமையாளருக்குத் தலைவலி கொடுத்தார். சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டு எங்கே போவது என்று விழித்துக்கொண்டிருந்தபோது மாமனார் ஒரு வண்டியோடு வந்து நின்றார்.

"வேற வீடு கெடைக்கிற வரைக்கும் நம்ம வீட்ல இருங்க மாப்ள. இதுல என்ன இருக்கு?"

அந்த 'வரைக்கும்' இன்னும் முடிந்தபாடில்லை. கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அம்மாள் வாரத்துக்கு ஒரு தடவையாவது, "என்ன வீட்டோட மாப்ள, கால் எல்லாம் அமுக்கி விடுறாங்களா?" என்று கேட்பார். நான் பல்லைக் காட்டிவிட்டு லென்ஸைத் தேய்ப்பேன். வேறென்ன செய்வது?

மாமனார் கொடுமைக்காரராக இருந்திருந்தால் என்றைக்கோ கிளம்பியிருப்பேன். ஒரு குத்தல் பேச்சு, ஒரு முகச்சுளிப்பு போதும். ரோஷத்தோடு பெட்டியைத் தூக்கியிருக்கலாம். அந்த மனிதர் அதற்கு வழியே வைக்கவில்லை. சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கிற சின்ன அறை ஒன்று இருந்தது. நாங்கள் வந்த கையோடு வாஷிங் மெஷினைக் கழற்றிக் குளியலறைக்குள் தள்ளிவிட்டு, அந்த அறையை எனக்கென்று ஒழித்துக் கொடுத்தார். அன்றிலிருந்து அத்தை குளிக்கப் போகும்போது மெஷினை ஒட்டி ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டும். நுழையும்போதெல்லாம் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் நுழைவார். பிறகு அறைக்கு ஒரு வேலைமேஜை வந்தது. காற்றை வெளியே தள்ளும் விசிறி வந்தது. ஸ்ப்ரே அடிக்கக் கம்ப்ரசர் வந்தது. 'மாமா, நாங்க வேற வீடு...' என்று நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் அதில் ஒரு புதுச் சாமானை வைத்து அடைத்தார். நானும் நன்றி சொல்லிவிட்டு மீதியை மென்று முழுங்கினேன்.

மாமனார் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு வீட்டில் அவருக்கு என்ன வேலை என்று யாருக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. செய்தித்தாளை விளம்பரம் உட்பட இரண்டு தடவை படிப்பார். தரை துடைக்கும்போது அத்தை "காலத் தூக்குங்க" என்றால் தூக்குவார். "ம்" என்றால் இறக்குவார். நான் வேலையை ஆரம்பித்ததும் 'சும்மா பாக்குறேன்' என்று வாசலில் வந்து நின்றார். பிறகு ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். பிறகு என் கையிலிருந்த உப்புத்தாளை வாங்கி, மரத்தின் ஓட்டத்தோடு தேய்த்துப் பார்த்தார். ஒரு நாள் பார்த்தால், எனக்கு முன்னாலேயே அறைக்குள் இருக்கிறார்.

தனக்கென்று ஒரு கிட்டார் வேண்டும் என்று அவர் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு பழைய கிட்டாரைத் தேடிப் பிடித்துக் கொடுத்தேன். அதன் மேல் இருந்த பெயிண்ட் பிளாஸ்டிக் மாதிரி கெட்டி. சூடு காட்டிச் சுரண்டிச் சுரண்டி எங்கள் இருவர் நகமும் தேய்ந்துபோனது. உள்ளே நல்ல மரம் இருந்தது. என்ன நிறம் அடிக்கலாம் என்றேன். யோசிக்கவே இல்லை. "பச்சை. நான் வேலைக்குச் சேந்தப்போ லிஃப்ட் கதவெல்லாம் அந்தப் பச்சைதான்" என்றார்.

எங்கள் அறைக்கு ஒரு சட்டம் உண்டு, அவர் போட்டது. பெயிண்ட் அடிப்பதற்கு முன் தூசி எழாமல் இருக்கத் தரையில் தண்ணீர் தெளிக்க வேண்டும். கதவின் இடுக்கு முழுவதும் உள்பக்கமாக டேப் ஒட்ட வேண்டும். அடித்து முடித்து, மேல்பூச்சு தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயும்வரை யாரும் வெளியே போகக்கூடாது. கதவைத் திறந்தால் விசிறியின் இழுப்புக்குச் சமையலறை எண்ணெய்ப் புகையும் தூசியும் உள்ளே பாய்ந்து ஈரப் பூச்சில் உட்கார்ந்துவிடும் என்பது அவர் கணக்கு. அடித்தவன் உடனே வெளியே ஓடுவதுதான் உலக வழக்கம். இங்கே அடித்தவர்கள் முகமூடியோடு உள்ளேயே காவல் இருந்தோம். முதல் தடவை எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஆனால் பூச்சு கண்ணாடி மாதிரி வந்தது. அதற்குப் பிறகு பேசாமல் டேப் ஒட்டினேன்.

இதற்கிடையில் மனைவி வீடு பார்த்துவிட்டாள். எனக்குச் சொல்லாமல், தானாகவே அலைந்து பார்த்தாள்.

"ஆபீஸ்ல பத்து பேரு என்னைக் கேட்டுத்தான் வேலை பாக்குறாங்க. வீட்டுக்கு வந்தா எங்கம்மா நான் சாப்ட்டேனான்னு தட்ட எட்டிப் பாக்குறாங்க. கொஞ்சம் லேட்டானா எங்கப்பா பஸ் ஸ்டாப்புல வந்து நிக்குறாரு, ஸ்கூல் பிள்ளையக் கூட்டிட்டுப் போற மாதிரி. எனக்கு மூச்சு முட்டுதுங்க. உங்களுக்கு முட்டலயா?"

முட்டியது. ஆனால் எனக்கு அந்த அறையை விடவும் மனசில்லை. புது வீட்டில் இரண்டே அறை. பெயிண்ட், தின்னர் என்று எதுவும் கூடாது என்று உரிமையாளர் கறாராகச் சொல்லிவிட்டாராம். மனைவிக்கு மூச்சு முட்டுகிறது, நான் கம்ப்ரசரை நினைத்துத் தயங்குகிறேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

அத்தையிடம் அவள் சொல்லிவிட்டாள். அத்தை அழவில்லை, கோபப்படவில்லை. "வாஷிங் மெஷின் பழைய எடத்துக்கு வந்துடுமா?" என்று மட்டும் கேட்டாராம். "ஆனா உங்கப்பாகிட்ட நான் சொல்ல மாட்டேன்டி, எனக்கெதுக்கு வம்பு" என்று கையைக் கழுவிவிட்டார். மனைவியும் சொல்ல மாட்டாள். அப்பா முகத்தைப் பார்த்தால் தனக்கு நாக்கு எழாது என்றாள். மிச்சம் இருந்தது நான் ஒருவன்தான். உரிமையாளர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றார். சொல்லாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்.

"இன்னைக்குச் சொல்லலைன்னா இனிமே எப்பவும் சொல்ல மாட்டீங்க. எனக்குத் தெரியும் உங்களை" என்றாள் ஞாயிறு மத்தியானம். எனக்கும் என்னைத் தெரியும்.

அன்றைக்குத்தான் பச்சைக் கிட்டாருக்குக் கடைசிப் பூச்சு.

தண்ணீர் தெளித்தோம். டேப் ஒட்டினோம். கழுத்து வந்து பொருந்துகிற பள்ளத்தில் கம்பி கட்டிக் கிட்டாரின் உடலைக் கொக்கியில் தொங்கவிட்டேன். மாமனார் விளக்கைச் சாய்த்துப் பிடித்தார். அப்படிப் பிடித்தால்தான் ஈரம் எங்கே ஏறியிருக்கிறது, எங்கே ஏறவில்லை என்று தெரியும். முகமூடி போட்டுக்கொண்டு முதலில் விளிம்புகளை அடித்தேன், பிறகு முகப்பை. ஒவ்வொரு வீச்சும் முந்தின வீச்சில் பாதியை மூட வேண்டும். கை எங்கேயும் நிற்கக்கூடாது. நின்றால் ஒழுகிவிடும். சட்டைப்பையில் ஃபோன் அதிர்ந்தது. கை நிற்கவில்லை. அதற்கு மட்டும் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

அடித்து முடித்ததும் விசிறி புகையை இழுத்துத் தீரும்வரை காத்திருந்தோம். முகமூடியைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார், நான் கவிழ்த்த வாளியின் மேல். எங்கள் முழங்கால்கள் கிட்டத்தட்ட இடித்துக்கொண்டன. நடுவில் பச்சை மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது.

"ஒழுகல் இருக்கா மாப்ள?"

"இல்ல மாமா. சுத்தமா இருக்கு."

"இது முடிஞ்சதும் அடுத்தத மொதல்லேர்ந்து நாமளே செய்வோம். பழசு வேணாம். மரக்கடையில சொல்லி வெச்சிருக்கேன், நல்லா காஞ்ச பலகையா வருது. நாமளே வரைஞ்சு, நாமளே அறுத்து..."

இந்தத் தடவை என் வாயை அடைக்க முழு மரத்தையே கொண்டு வந்துவிட்டார். அவர் முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்தேன். இதற்கு ஒரு 'சரி மாமா' சொல்லிவிட்டால் இன்றைய பொழுது கழிந்துவிடும். நாளைக்கும் கழியும். மரம் வரும், அறுப்போம், தேய்ப்போம், பூசுவோம், கதவை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இரண்டாம் தடவை ஃபோன் அதிர்ந்தபோது வாய் தானாகத் திறந்துகொண்டது.

"மாமா, நாங்க வீடு பாத்திருக்கோம்."

அவர் எழுந்து நின்றார். ஏதோ பிடிமானம் தேடுவது போல் கையை நீட்டினார். கை கிட்டாரின் விளிம்பில் போய் நின்றது. கட்டைவிரல் ஈரப் பச்சையில் அழுந்தியது. நான் தொடப் போனால் எத்தனையோ தடவை என் கையைத் தட்டிவிட்டவர் அவர். இப்போது அவர் அதைக் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

"எந்த மாடி?" என்றார் கடைசியில்.

"நாலாவது."

"லிஃப்ட் இருக்கா?"

"இருக்கு மாமா."

"கதவு தானா மூடுறதா, கையால இழுத்து மூடுறதா?"

"தானா மூடும்."

"ம். அப்ப நல்லதுதான்."

கதவில் தட்டு விழுந்தது. "டீ வேணுமா? கதவத் தெறந்தா குடுப்பேன்" என்றார் அத்தை வெளியிலிருந்து.

"காயுது!" என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினோம். "காஞ்சிட்டே கெடங்க" என்று சொல்லிக்கொண்டே அத்தை நகர்ந்து போனார்.

மாமனார் மறுபடி உட்கார்ந்தார். கோபமாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொன்னால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். அவர் வேறு எதையோ பேசினார்.

"லிஃப்டுல மாட்டிக்கிட்டவங்க எப்படி இருப்பாங்க தெரியுமா மாப்ள? மொதல்ல எல்லா பட்டனையும் அமுக்குவாங்க. அப்புறம் கதவத் தட்டுவாங்க, கத்துவாங்க. இன்னும் கொஞ்ச நேரம் போனா, சும்மா கீழ உக்காந்துடுவாங்க. நான் போய் நெம்பிக் கதவத் தெறந்து 'வாங்க'ன்னு கூப்புடுவேன். சில பேரு எந்திரிக்கவே மாட்டாங்க. அப்படியே பாத்துட்டு இருப்பாங்க. உள்ள எறங்கி, கை குடுத்துத் தூக்கி விடணும்."

என்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நானும் இந்த வீட்டுக்கு 'வேற வீடு கெடைக்கிற வரைக்கும்'னுதான் வந்தேன்" என்றார்.

இந்த வீடு அத்தையின் அப்பா கட்டியது. எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்தான். முன்னறையில் படமாக மாட்டியிருக்கும் அந்தப் பெரியவரை வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். ஆனால் என் மாமனாரும் ஒரு காலத்தில் இதே வீட்டுக்குப் பெட்டியோடு வந்து நின்ற மாப்பிள்ளை என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

"ரொம்ப நல்ல மனுஷன் மாப்ள. அதுதான் வெனையே. நாம கேக்குறதுக்கு முன்னாடி வாங்கிக் குடுத்துடுவாரு. ஒரு நாள் சொல்லிடலாம்னு வாயத் தெறந்தேன், கைக்கடிகாரம் கட்டி விட்டாரு. இன்னொரு தடவ தெறந்தேன், மோட்டார் சைக்கிள் வந்து நிக்குது." அவர் சிரித்தார். "எப்படிச் சொல்றது? சொல்லவே இல்ல."

"அவரு போனப்புறம் கிளம்பியிருக்கலாமே மாமா?"

"அப்புறம் யாருகிட்ட சொல்றது?"

விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்ரசரையும் மேஜையையும் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் எனக்கு வேண்டுமென்று வலை விரிக்கவில்லை. தனக்கு நடந்ததுதான் அன்பு என்று நினைத்து எனக்கும் அதையே செய்திருக்கிறார்.

"எத்தன ரூம்?" என்று கேட்டார்.

"ரெண்டு."

"போதும். நான் ஹால்ல படுத்துக்குவேன்."

"மாமா?"

அவர் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, ஸ்டூலை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். "என்னையும் கூட்டிட்டுப் போங்க மாப்ள."

வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பதில் வரட்டும் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தை?" என்றேன், வேறு வார்த்தை கிடைக்காமல்.

"அவளுக்கு என்ன, அவளுக்கு வீடு இருக்கு. இது அவ வீடு. நான் பெருசா எடம் அடைக்க மாட்டேன். ஒரு பெட்டிதான். நீங்க வேலைக்குப் போயிட்டா வீட்டப் பாத்துக்குவேன். பொண்ணு வந்து எறங்குற நேரத்துக்கு பஸ் ஸ்டாப்புக்குப் போயிக் கூட்டிட்டு வந்துடுவேன்."

அந்த மனிதருக்கு நான் அதுவரை 'இல்லை' என்று சொன்னதே கிடையாது. எதற்கும். வாயைத் திறந்தால் பழக்கதோஷத்தில் 'சரி மாமா' என்றுதான் வரும் என்று பயந்து பல்லைக் கடித்துக்கொண்டேன். மறுபடியும் ஃபோன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். 'ஹவுஸ் ஓனர் லைன்ல இருக்கார். சொல்லிட்டீங்களா இல்லையா?' என்று மனைவி அனுப்பியிருந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம்தான் நிற்கிறாள். டேப் ஒட்டிய கதவு, நடுவில் இரண்டு அங்குலப் பலகை, அவ்வளவுதான்.

"முடியாது மாமா" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. நின்றுபோன லிஃப்டை ஏன் நின்றது என்று பார்க்கிறவர் மாதிரி, "ஏன் முடியாது?" என்றார். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அவ போகணும்னு சொல்றதே... இங்கேருந்துதான் மாமா. இந்த வீட்லேருந்து. உங்க எல்லார்கிட்டேருந்தும்."

"என்கிட்டேருந்துமா?"

பூசி மெழுகியிருக்கலாம். அதில் நான் கைதேர்ந்தவன். 'அப்படியெல்லாம் இல்ல மாமா, உங்க மேல அவளுக்கு உசுரு' என்று ஒரு பூச்சு அடித்திருந்தால் எல்லாம் பளபளவென்று ஆகியிருக்கும். அதுவும் பொய்யில்லை, அவளுக்கு அப்பா மேல் உயிர்தான். ஆனால் அவர் கேட்டது அது இல்லை.

"ஆமா மாமா" என்றேன்.

அவர் தலையாட்டினார். இரண்டு தடவை, மூன்று தடவை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். கட்டைவிரலில் பச்சை. நிமிர்ந்து கிட்டாரைப் பார்த்தார். விளிம்பில் அந்த விரலின் பள்ளம் அப்படியே இருந்தது. விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"காஞ்சதும் தேய்ச்சு எடுத்துடலாம் மாமா."

"ம்" என்றார். "ஃபோனப் பாருங்க மாப்ள. பாவம், எவ்வளவு நேரம் காத்துட்டிருப்பா."

'சொல்லிட்டேன். வீட்டை முடிச்சுடு' என்று அனுப்பினேன். கதவுக்கு வெளியே அவள் ஓடுகிற ஓசை கேட்டது. தூரத்தில், முன்னறையில், ஃபோனில் பேச ஆரம்பித்தாள். என்ன பேசுகிறாள் என்று கேட்கவில்லை, குரல் மட்டும் கேட்டது. நடுவில் கலகலவென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை இந்த வீட்டுக்குள் நான் கேட்டதே இல்லை. மாமனாரும் கேட்டார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, அவள் பேசி முடிக்கும்வரை கவனமாகக் கேட்டார்.

என்னால் அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து கதவருகே போய் டேப்பின் நுனியை நகத்தால் கிளப்பினேன்.

"தெறந்துடலாமா மாமா? தூசி விழுந்தா விழட்டும்."

"வேணாம் மாப்ள" என்றார். "காயட்டும்."